ஏஸ்-2 கையில், நட் லோ போர்டில், ஆனாலும் நஷ்டம்: எங்கே தப்பு?

நாலுசீட்டு எழுதியது:

ஒமாஹா ஹை-லோ, அதாவது ஆளுக்கு நாலு சீட்டு தரும் போக்கர்; பெரிய கைக்கு (ஹை) பாதிப் பணம், சின்ன கைக்கு (லோ) மறுபாதி. லோவுக்கு ஐந்து சீட்டும் வேறு வேறு எண்ணாக, 8 அல்லது அதற்குக் கீழ். 10-20 லிமிட் (போடுவதும் ஏற்றுவதும் முதலில் 10, டர்னிலிருந்து 20), ஏழு பேர் மேசை. நான் பட்டனில், அதாவது கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தேன். கையில் ஏஸ் இஸ்பேட், 2 ஆட்டின், ஜாக் கிளாவர், 9 டைமன்.

எனக்கு முன்னால் நடுவில் இருந்த ஒருவர் கால் செய்தார், அதாவது அதே 10ஐக் கட்டினார். நான் ரைஸ் செய்தேன், அதாவது 20 ஆக ஏற்றினேன். இரண்டு பிளைண்டும் (முன்கூட்டியே கட்டாயப் பணம் வைப்பவர்கள், ஸ்மால், பிக்) கூட வந்தார்கள். நாலு பேர், பாட் (மேசையில் சேர்ந்த பணம்) 80 சிப்.

ஃப்ளாப் (போர்டில் எல்லோருக்கும் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டு) 3-7-ராஜா. ஸ்மால் பிளைண்ட் செக், பணம் போடவில்லை. பிக் பிளைண்ட் 10 போட்டார், நடுவில் இருந்தவர் கால், நான் 20 ஆக்கினேன். ஸ்மால் பிளைண்ட் விலகினார், மற்ற இருவரும் கட்டினார்கள். பாட் 140.

டர்னில், அதாவது நாலாவது பொதுச் சீட்டாக, 8. நட் லோ, அதாவது யாரும் மிஞ்ச முடியாத லோ, வந்தாயிற்று! பிக் பிளைண்ட் 20, நடுவில் இருந்தவர் கால், நான் 40. பிக் பிளைண்ட் 60. இப்போது நடுவில் இருந்தவர் ஓடிவிட்டார். நான் 80 வைத்தேன், பிக் பிளைண்ட் கட்டினார். பாட் 320.

ரிவரில், அதாவது ஐந்தாவது, கடைசிச் சீட்டாக, ராணி. அவர் 20, நான் 40, அவர் 60, நான் கால். பாட் 440.

அவர் திருப்பியது: ஏஸ்-2-ராஜா-ராஜா. ஹை முழுக்க அவருக்கு, லோவில் பாதியும் அவருக்கு. எனக்கு வந்தது 110. நான் போட்டது 180.

என் கேள்வி ஒன்றுதான். நட் லோவை வைத்துக்கொண்டு ரைஸ் செய்யாமல் வேறு எதை வைத்து ரைஸ் செய்வது? இது துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாமா, இல்லை ஆட்டமே தப்பா?

---

கூட்டிக்கழி எழுதியது:

அவரிடம் அதே ஏஸ்-2 இருந்தது துரதிர்ஷ்டம். 70 சிப் போனது துரதிர்ஷ்டமில்லை.

உங்கள் கையையே இன்னொரு விதமாக ஆடிப் பார்க்கலாம். டர்னில் அவர் 20 போட்டபோது நீங்கள் வெறுமனே கட்டியிருந்தால், பாட் 200. நடுவில் இருந்தவர் இன்னும் உள்ளே. ரிவரில் 20 போடுகிறார். நடுவில் இருந்தவரும் கட்டினால் பாட் 260, விலகினால் 240. உங்கள் கால்வாசி 65 அல்லது 60. நீங்கள் போட்டது மொத்தம் 80. நஷ்டம் 15 அல்லது 20. நீங்கள் இழந்ததோ 70.

“சரி, அவரிடம் ஏஸ்-2 இல்லாமலிருந்தால் நான் ரைஸ் செய்தது லாபம்தானே” என்று கேட்பீர்கள். அதையும் கணக்குப் போடுங்கள். அவரிடம் வெறும் மூன்று ராஜா மட்டும், லோ முழுக்க உங்களுக்கு. பாட் 440இல் பாதி 220, போட்டது 180, லாபம் 40. வெறுமனே கட்டியிருந்தால்? பாட் 240இல் பாதி 120, போட்டது 80, லாபம் அதே 40. நடுவில் இருந்தவரும் ரிவர் வரை வந்திருந்தால் 130இல் 80 போக லாபம் 50.

அதாவது எல்லாம் உங்களுக்குச் சாதகமாக நடந்தாலும் அந்த ரைஸ்களால் ஒரு சிப்கூட கூடுதலாக வந்திருக்காது. பாதகமாக நடந்தால் 50 சிப் கூடுதலாகப் போகும். ஏறினால் ஒன்றுமில்லை, இறங்கினால் பள்ளம். அப்படி ஒரு ரைஸை யாராவது தெரிந்தே செய்வார்களா?

---

புதுக்கை எழுதியது:

நான் புதிது, தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும். பாதி கிடைத்தால் லாபம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்? லோ முழுசாக ஜெயித்தும் ரைஸில் ஏன் ஒன்றும் வரவில்லை?

---

கூட்டிக்கழி எழுதியது:

புதுக்கை, நல்ல கேள்வி. ஏற்கெனவே பாட்டில் கிடக்கும் பணத்தையும் இனிமேல் போடப்போகும் பணத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனிமேல் ஆளுக்கு 100 சிப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு பேர் என்றால் 200 சேரும். லோ உங்களுக்கு மட்டும் என்றால் 100 திரும்பி வரும். போட்டதும் 100. சமம். லோவை இன்னொருவர் பங்கு போட்டால் 50 வரும், 50 போச்சு.

மூன்று பேர் என்றால் 300 சேரும். லோ முழுக்க உங்களுக்கு என்றால் 150, லாபம் 50. கால்வாசி என்றால் 75, நஷ்டம் 25.

நாலு பேர் என்றால் 400 சேரும். லோ முழுக்க என்றால் 200, லாபம் 100. கால்வாசி என்றாலும் 100 வந்துவிடும், சமம்.

நாலுசீட்டு தப்பு செய்தது இந்த முதல் வரியில். டர்னில் மூன்றாவது ஆள் ஓடிய அந்த நொடியிலிருந்து அவர் போட்ட ஒவ்வொரு சிப்புக்கும் சிறந்த முடிவு சமம், மோசமான முடிவு பாதி நஷ்டம். அப்புறம் எதற்கு 80 வைத்தார், ரிவரில் எதற்கு 40 வைத்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

---

பழையமேசை எழுதியது:

இதைத் தமிழில் எழுதும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. கால் செய்தாலும் கால், கிடைப்பதும் கால். அதனால் நான் பங்கைச் சொல்லும்போது கால்வாசி என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

கூட்டிக்கழி சொன்ன கணக்கு சரி. போர்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 3-7-8-ராஜா. இதில் ஸ்ட்ரெய்ட் போட முடியாது. மூன்று சீட்டு போர்டிலிருந்து எடுத்தே ஆகவேண்டும், 3-7-8 ஐந்து சீட்டு வரிசைக்குள் அடங்காது. ஃப்ளஷும் (ஐந்தும் ஒரே சின்னம்) இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த போர்டில் ஆகப் பெரிய ஹை மூன்று ராஜா.

இப்போது பிக் பிளைண்ட் உங்கள் ரைஸுக்கு மேல் 60 வைக்கிறார். பட்டனில் இருக்கும் நீங்கள் ஃப்ளாப்பிலும் ரைஸ், டர்னிலும் ரைஸ். உங்களிடம் ஏஸ்-2 இருப்பது மேசையில் உள்ள சிப்புக்குக்கூடத் தெரியும். அது தெரிந்தும் மேலே வைக்கிறார் என்றால் அவரிடம் மூன்று ராஜா இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏஸ்-2 உடன் ஏதாவது ஹை இருக்கவேண்டும். இரண்டுமே இருந்தது என்பது அவர் யோகம். எது இருந்தாலும் ஹையில் உங்களுக்கு எதுவும் இல்லை. ஜாக்கும் 9உம் சும்மா பார்த்துக்கொண்டிருந்த சீட்டுகள். ஜோடிகூடச் சேரவில்லை.

கையில் ஒரு சின்ன ஜோடியாவது, இரண்டு ஜோடிக்கு ஒரு வழியாவது இருந்திருந்தால் பேச்சே வேறு. லோவைப் பங்கு போட்டாலும் ஹையைப் பிடித்தால் முக்கால்வாசி வரும். வெறும் ஏஸ்-2க்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

---

எடுத்தடி எழுதியது:

எல்லோரும் சேர்ந்து இந்த மனிதரைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிடாதீர்கள். நட் லோவை வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாலு பேர், ஐந்து பேர் உள்ளே இருக்கும்போதும் “கால்வாசி ஆகிவிடுமோ” என்று செக் செய்வார்கள். நாலு பேர் இருந்தால் கால்வாசி வந்தாலும் நஷ்டமில்லை என்று கூட்டிக்கழியே சொல்லிவிட்டார். அப்படியென்றால் அங்கே ரைஸ் செய்யாமல் விடுவதுதான் பணத்தை விடுவது.

டர்னில் அவர் வைத்த முதல் ரைஸ், அந்த 40, எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அப்போது மூன்று பேர் உள்ளே. நடுவில் இருந்தவர் ஏற்கெனவே 20 கட்டிவிட்டார், இன்னும் ஒரு 20க்கு ஓடமாட்டார். 80 வைத்ததுதான் தப்பு. ரிவரில் 40 வைத்தது அதைவிடத் தப்பு.

---

கூட்டிக்கழி எழுதியது:

எடுத்தடியோடு ஓரளவு ஒத்துப்போகிறேன். மூன்று பேர் நிலைமைக்கு எல்லை எங்கே என்று பார்த்தேன். லோ முழுக்க வந்தால் ஒவ்வொரு 100க்கும் லாபம் 50, கால்வாசி ஆனால் நஷ்டம் 25. அப்படியென்றால் மூன்றில் இரண்டு தடவை கால்வாசி ஆனாலும் சமம். உங்கள் லோவை இன்னொருவர் பங்கு போடுவார் என்று 66 சதவீதத்துக்கு மேல் நம்பினால்தான் மூன்று பேரில் ரைஸ் செய்வது நஷ்டம்.

இது பலரும் நினைப்பதைவிடத் தாராளமான எல்லை. ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. உங்கள் ரைஸுக்குப் பிறகும் மூன்று பேர் மூன்று பேராகவே இருக்கவேண்டும். உங்கள் ரைஸாலோ, அதற்கு மேல் வருகிற ரைஸாலோ ஒருவர் ஓடிவிட்டால் நீங்களே உங்களுக்கு இரண்டு பேர் ஆட்டத்தை உண்டாக்கிக்கொள்கிறீர்கள்.

---

பழையமேசை எழுதியது:

அதனால்தான் அந்த 40ஐயும் நான் வைக்கமாட்டேன். போட்டவர் பிக் பிளைண்ட். நீங்கள் ரைஸ் செய்தால் அடுத்த வாய்ப்பு அவருக்கு. அவர் மேலே வைத்தால் நடுவில் இருக்கும் பாவப்பட்டவர் 20 கட்டியதோடு இன்னும் 40 கட்டவேண்டும். அவர் ஓடுவார். ஓடினார்.

நடுவில் இருந்தவர் போட்டு, பிக் பிளைண்ட் கட்டி, கடைசியாக நீங்கள் என்றால் கதை வேறு. அப்போது இருவரும் பணத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ரைஸ் செய்யுங்கள். வெறும் லோவை வைத்திருப்பவருக்குக் கூட்டம்தான் சம்பளம் தருகிறது. கூட்டத்தைக் கலைக்கிற எதையும் அவர் செய்யக்கூடாது.

---

நாலுசீட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஏஸும் 2உம் சேர்ந்து இன்னொருவர் கையில் இருப்பதற்கு வாய்ப்பே குறைவுதானே? என் கையில் ஒரு ஏஸ், ஒரு 2. மீதி மூன்று ஏஸ், மூன்று 2. நாலு சீட்டில் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமில்லையா? அந்த அபூர்வத்துக்காக ஏன் கையைக் கட்டிக்கொள்ளவேண்டும்?

---

கூட்டிக்கழி எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு ஒரு எதிராளியை எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. ரிவரில் உங்களுக்குத் தெரியாத சீட்டு 43. அதிலிருந்து நாலு சீட்டு எடுத்தால் ஏஸும் 2உம் இரண்டுமே இருக்க வாய்ப்பு சுமார் 5.4 சதவீதம். உங்கள் கையில் இரண்டு ஏஸ் இருந்திருந்தால் அது 3.7க்கு இறங்கும்.

ஆனால் நீங்கள் பார்ப்பது கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எதிராளி இல்லை. ஏழு பேர் மேசையில் சீட்டு வாங்கியவர்கள் உங்களைத் தவிர ஆறு பேர். ஆளுக்கு 5.4 வீதம் என்று கூட்டிப் பாருங்கள், நாலில் ஒன்றுக்குக் குறையாது. மேசையில் எங்கேயோ அந்த ஏஸ்-2 இருந்தால், அது மடிக்கப்பட்ட கையில் இருக்குமா, கட்டிக்கொண்டே வருகிற கையில் இருக்குமா? ஏஸ்-2 வைத்திருப்பவர் மடிக்கமாட்டார். மூன்று லோ விழுந்த போர்டில் கடைசி வரை நிற்பவர், அதுவும் மேலே மேலே வைப்பவர், 5.4 சதவீதக் கை வைத்திருப்பவர் இல்லை.

---

எடுத்தடி எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது ரைஸ் வந்தபிறகு 5.4 பேசுவது வானிலை அறிக்கை படித்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே நிற்பது போல.

---

புதுக்கை எழுதியது:

நான் போன வாரம் செய்த கூத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கையில் ஏஸ்-2-ராணி-10. போர்டு 2-ஏஸ்-7-8-ராஜா. ஏஸ்-2 என்னிடம், போர்டில் 7உம் 8உம், அடடா என்று ரிவரில் ரைஸ் செய்துவிட்டேன். திருப்பினால் எனக்கு லோவே இல்லை என்கிறார்கள்! இரண்டு நிமிடம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

பழையமேசை எழுதியது:

சிரிக்கவில்லை, எல்லோரும் ஒருமுறை இந்தக் குழியில் விழுந்துதான் எழுந்திருக்கிறோம். கையிலிருந்து சரியாக இரண்டு, போர்டிலிருந்து சரியாக மூன்று. கையிலிருந்து ஏஸ்-2 எடுத்தால் போர்டிலிருந்து ஏஸும் 2உம் அல்லாத மூன்று லோ வேண்டும். உங்களுக்கு 7-8 மட்டும்தான். ஏஸும் ராணியும் எடுத்தாலும் ராணி லோ இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு மூடியிருக்கிறது. அந்த போர்டில் நட் லோ 3-4.

ஏஸ்-2தான் எப்போதும் நட் லோ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். போர்டில் 2-6-7 இருந்தால் நட் லோ ஏஸ்-3. ஏஸ்-4-7 இருந்தால் 2-3. போர்டின் மிகச் சின்ன மூன்று எண்களில் இல்லாத மிகச் சின்ன இரண்டு எண்கள் எவையோ அவைதான் நட்.

இதிலிருந்துதான் அடுத்த விஷயம் வருகிறது. நாலுசீட்டு டர்னில் நட் லோ வந்தாயிற்று என்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார். இன்னும் ஒரு சீட்டு பாக்கி இருந்தது ஐயா. ரிவரில் ஏஸோ 2ஓ விழுந்தால் அந்த நட் போய்விடும். ஏஸ் விழுந்து போர்டு ஏஸ்-3-7-8 ஆனால் உங்கள் லோ அதே 8-7-3-2-ஏஸ். 2-4 வைத்திருப்பவரோ 7-4-3-2-ஏஸ் என்று உங்களைத் தாண்டிவிடுவார். தெரியாத 44 சீட்டில் அப்படிக் கெடுப்பவை ஆறு. ஏறக்குறைய ஏழில் ஒரு தடவை. கையில் மூன்றாவதாக ஒரு லோ சீட்டு இருந்தால் இந்த அடி பெரும்பாலும் படாது.

---

கூட்டிக்கழி எழுதியது:

பழையமேசை தொட்டதை எண்ணில் சொல்கிறேன், ஏனென்றால் வித்தியாசம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலுசீட்டின் ஃப்ளாப்பை எடுத்துக்கொள்வோம்: 3-7-ராஜா.

கையில் ஏஸ்-2-ஜாக்-9. லோவை முடிக்கும் சீட்டுகள் 4, 5, 6, 8, மொத்தம் 16. ரிவருக்குள் அவற்றில் ஒன்றாவது விழ வாய்ப்பு 59 சதவீதம். ஆனால் இடையில் ஏஸோ 2ஓ விழாமல் நட்டாகவே நிற்கும் வாய்ப்பு 49தான்.

அதே ஃப்ளாப்பில் ஜாக்குக்குப் பதில் கையில் 4 இருந்திருந்தால், அதாவது ஏஸ்-2-4-9? இப்போது ஏஸ் விழுந்தால் 2-4 நட், 2 விழுந்தால் ஏஸ்-4 நட், 4 விழுந்தால் ஏஸ்-2 நட். முடிக்கும் சீட்டுகள் 21. லோ வர வாய்ப்பு 72 சதவீதம், நட்டாக நிற்க 69. ஒரே ஒரு சின்ன சீட்டுக்கு 49 எங்கே, 69 எங்கே!

இதை வைத்துப் பார்த்தால் ஃப்ளாப் ரைஸும் இடிக்கிறது. 49இல் பாதி, அதாவது பாட்டில் 25 சதவீதத்தைச் சுற்றித்தான் நாலுசீட்டின் உரிமை. பங்கு போட நேர்ந்தால் இன்னும் கீழே. மூன்று பேர் போடும் பணத்தில் அவர் போடுவதோ 33 சதவீதம். ஃப்ளாப்பில் போர்டில் ஒரே ஒரு லோ இருந்து, ஏஸ்-2 மட்டும் நம்பிக்கை என்றால் பேச்சே இல்லை. இரண்டு சீட்டும் தொடர்ச்சியாக உதவவேண்டும், வாய்ப்பு 16 சதவீதம். அதற்குப் பணம் கட்டுவது தர்மம் செய்வது.

---

நாலுசீட்டு எழுதியது:

அப்போ ஃப்ளாப்பிலும் தப்பு, டர்னிலும் தப்பு, ரிவரிலும் தப்பு. ஃப்ளாப்புக்கு முன்னால் ரைஸ் செய்தது மட்டுமாவது சரியா, இல்லை அதுவும் போச்சா?

---

பழையமேசை எழுதியது:

அதில் கருத்து வேறுபாடு உண்டு. என் வழக்கம்: ஏஸ்-2 மட்டும் இருந்து, மற்ற இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத கை என்றால் விலையை ஏற்றமாட்டேன். நிறைய பேர் மலிவாக உள்ளே வரட்டும். ஏஸ்-2-3 அல்லது ஏஸ்-2 உடன் ராஜா, அதுவும் ஏஸும் இன்னொரு சீட்டும் ஒரே சின்னத்தில் இருந்தால் ரைஸ். அந்தக் கை இரண்டு பக்கமும் ஓடும். ஏஸ்-3 மட்டும் இருந்தால் போர்டில் 2 விழும்வரை அது இரண்டாம் தரம்தான். இரண்டாம் தர லோவை வைத்துக்கொண்டு ரைஸுக்கு மேல் ரைஸ் நடக்கும் இடத்தில் நிற்பது ரொம்ப விலை உயர்ந்த பழக்கம்.

---

எடுத்தடி எழுதியது:

நான் பட்டனில் ஏஸ்-2 எதுவானாலும் ரைஸ்தான். பட்டனில் கடைசியாகப் பேசும் வசதி இருக்கிறது, அதற்கு விலை உண்டு. ஆனால் நாலுசீட்டு அந்த வசதியை வாங்கிவிட்டுப் பயன்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம், நீங்கள் எல்லோரும் லிமிட் கணக்கிலேயே நிற்கிறீர்கள். பாட் லிமிட்டில் (பாட் அளவு வரை போடலாம்) இரண்டு பேர் ஆட்டத்திலும் வெறும் நட் லோவோடு பெரிதாகப் போடுவதற்குக் காரணம் உண்டு. எதிராளி ஓடலாம்! ஒற்றை ராஜா ஜோடி வைத்திருப்பவர், போர்டில் ஸ்ட்ரெய்ட் தெரிகிறது, மூன்றாவது ஒரே சின்னம் விழுந்திருக்கிறது, முழு பாட் அளவுக்கு பெட் வருகிறது என்றால் மடித்துவிடுவார். அப்போது ஹையே இல்லாமல் முழுப் பாட்டும் உங்களுக்கு. உங்களுக்கு லோவில் ஒரு பங்கு எப்படியும் உறுதி என்பதால் அந்த பிளஃப் மலிவு.

---

கூட்டிக்கழி எழுதியது:

பாயிண்ட். நான் சொன்ன “சிறந்த முடிவு சமம்” என்பது எதிராளி மடிக்கவே மாட்டார் என்று வைத்துச் சொன்னது. மடிப்பார் என்றால் கணக்கு மாறும். ஆனால் நாலுசீட்டின் கையில் மூன்று ராஜா எங்கே மடிக்கும்? அதுவும் லிமிட்டில், 380 பாட்டுக்கு இன்னொரு 20ஐப் பார்த்து?

பாட் லிமிட்டில் வேறு ஒரு கேள்வி அடிக்கடி வரும்: ரிவரில் பாட் 100, எதிராளி 100 போடுகிறார், என்னிடம் வெறும் நட் லோ, கட்டலாமா? கட்டினால் பாட் 300. லோ முழுக்க வந்தால் 150, கால்வாசி ஆனால் 75. போடுவது 100. மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் கால்வாசி ஆகும் என்று தோன்றினால்தான் மடிக்கவேண்டும். அதனால் பெரும்பாலும் கட்டிவிடுவேன். கட்டுவது கிடக்கிற பணத்துக்காக. மேலே வைப்பது இல்லாத பணத்துக்காக. அதே கை, அதே போர்டு, இரண்டுக்கும் பதில் வேறு.

---

புதுக்கை எழுதியது:

இன்னொரு சின்ன சந்தேகம். பாதியாகப் பிரிக்கும்போது ஒரு சிப் மிஞ்சினால் யாருக்கு?

---

பழையமேசை எழுதியது:

ஹைக்கு. லோவை வைத்திருப்பவருக்கு அதுகூடக் கிடையாது. அப்புறம், சூதாட்ட அறைகளில் ஹையா லோவா என்று அறிவிக்கவேண்டியதில்லை, சீட்டே பேசும். ஆனால் நாலு சீட்டையும் திருப்பிக் காட்டவேண்டும். இரண்டை மட்டும் காட்டிவிட்டு மீதியை எறிந்து பங்கை இழந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு லோவோடு ஹையில் ஒரு இரண்டு ஜோடி இருந்ததை அவரே கவனிக்கவில்லை.

---

எடுத்தடி எழுதியது:

இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் ஏன் சீண்டுவதில்லை என்று இப்போது புரிகிறதா? ஹார்ஸ் (HORSE) என்று ஐந்து போக்கர் வகைகளை மாற்றி மாற்றி ஆடும் கலவை ஆட்டத்தில் ஓ என்கிற எழுத்து இதுதான். 2006இல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரில் 50,000 டாலர் ஹார்ஸ் போட்டி முதல் தடவை நடந்தது, சிப் ரீஸ் ஜெயித்தார். அதிலும் கடைசி மேசைக்கு வந்ததும் ஆளுக்கு இரண்டு சீட்டு தரும் நோ லிமிட் ஹோல்டமுக்கு மாற்றிவிட்டார்கள். கால்வாசி வாங்கியவர் முகத்தை யார் பார்ப்பார்கள்!

---

நாலுசீட்டு எழுதியது:

நான் பார்ப்பேன், கண்ணாடியில்.

இரண்டு நாள் கழித்து வந்திருக்கிறேன். நேற்று மறுபடியும் பட்டன், மறுபடியும் ஏஸ்-2, இந்தத் தடவை 4 கிளாவரும் ராஜா இஸ்பேடும், ஏஸும் இஸ்பேட். ஃப்ளாப் 5-6-ராணி, டர்ன் 2. என் ஏஸ்-2 கெட்டது, ஆனால் ஏஸ்-4 இருக்கிறது. போர்டு 2-5-6, ஏஸ்-4 வைத்தால் 6-5-4-2-ஏஸ். எண்ணிப் பார்த்தேன், ஏஸ்-3 வந்தால் 6-5-3-2-ஏஸ். அது என்னைவிடச் சின்னது. நட் ஏஸ்-3, என்னுடையது இரண்டாவது.

மூன்று பேர். முதலாமவர் 20, இரண்டாமவர் 40. பழைய நான் என்றால் 60 வைத்திருப்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மடித்தேன். ரிவருக்குப் பிறகு ஒருவர் ஸ்ட்ரெய்ட்டைக் காட்டினார், இன்னொருவர் ஏஸ்-3.

---

கூட்டிக்கழி எழுதியது:

ரிவர் என்ன விழுந்தது?

---

நாலுசீட்டு எழுதியது:

3. ஏஸ்-4 வைத்திருந்த எனக்கு ஏஸ்-2-3-4-5. நட் லோவும் நான்தான், அவர் ஏஸ்-3 கெட்டுப்போனது.

---

எடுத்தடி எழுதியது:

மடித்தது சரிதான் அண்ணே. வலிக்கும், ஆனால் சரிதான்.

---

பழையமேசை எழுதியது:

அந்த ஸ்ட்ரெய்ட்டுக்காரரிடம் ஏஸ்-4 இருந்ததா என்று பார்த்தீர்களா?

---

நாலுசீட்டு எழுதியது:

இருந்தது. ஏஸ்-4-3-9. டர்னில் 3-4 வைத்து 2-3-4-5-6. நான் இருந்திருந்தாலும் கால்வாசிதான்.